நங்கை நிற்கிறாள்

"அப்பா ஆபீசுக்குப் போனாள். அம்மா சமைத்தான்."

ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் இப்படி எழுதிக் கொடுத்தால் வேறு ஊர்த் தமிழ் டீச்சர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். பூங்கோதைக்குச் சிரிப்பு வராது. கல்கத்தாவில் பிறந்த தமிழ்ப் பிள்ளைகள் வேறு எப்படித்தான் எழுதும்? வங்காளத்தில் அவனும் 'ஷே'தான், அவளும் 'ஷே'தான். வந்தான், வந்தாள் என்ற பிரிவே அந்தப் பாஷையில் கிடையாது. தெருவில் வங்காளம், வகுப்பில் இங்கிலீஷ், பஸ்ஸில் இந்தி. தமிழ் என்பது அம்மா திட்டும்போது மட்டும் காதில் விழுகிற ஒன்று. திட்டும்போது யார் ஆண்பால் பெண்பால் பார்க்கிறார்கள்?

பூங்கோதையே அப்படி வளர்ந்தவள்தான். காளிகாட்டில், கோயிலுக்குப் போகிற சந்து ஒன்றில் அவள் அப்பா வீரபாண்டியனின் மளிகைக் கடை இருந்தது. விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்த மனுஷர். அப்பளம், புளி, நல்லெண்ணெய், காபிப் பொடி, தாளிப்பு வடகம். டாக்குரியாவிலிருந்தும் பவானிபூரிலிருந்தும் தமிழ்க் குடும்பங்கள் அந்தக் கடைக்குத்தான் வந்தாக வேண்டும். கடைக்கு மேலே இருந்த அறையில்தான் பூங்கோதை பிறந்தாள். அம்மா சீக்கிரம் போய்விட்டாள். பவானிபூர்க் கல்லூரியில் சரித்திரம் படித்து முடித்த பிறகு, யாரும் சொல்லாமலே, தபால் வழியில் தமிழ் எம்.ஏ. எழுதினாள். புளி மூட்டைக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, "காபிப் பொடி அரைச்சாச்சா?" என்று கேட்டு வருகிறவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டே இலக்கணம் படித்துத் தேறிய ஆள் அவள்.

டாக்குரியா பக்கம் தென்னிந்தியர்கள் நடத்தும் ஒரு பள்ளியில் வேலை கிடைத்தது. தமிழ் டீச்சர்கள் அங்கே நிலைப்பதில்லை. கல்யாணமானால் மெட்ராசுக்குப் போய்விடுவார்கள். அதனால் இவளை எடுத்துக்கொண்டார்கள், தற்காலிகமாக. இந்த வருஷக் கடைசியில் வேலையை நிரந்தரமாக்கிவிடுவதாகப் பள்ளிச் செயலாளர் வைத்தீஸ்வரன் சொல்லியிருந்தார். பெரிய பாங்க் ஒன்றில் பெரிய அதிகாரி. அவருடைய மகள் பட்டு, பூங்கோதையின் வகுப்பில்தான் படித்தாள். வகுப்பிலேயே ஆண்பால் பெண்பாலை மிக அட்டகாசமாகக் குழப்புகிற ஆளும் அவள்தான். "எங்கப்பா ரொம்ப நல்லவள் மிஸ்" என்று கண்ணை அகல விரித்துச் சொல்வாள்.

எழுபத்தொன்பதாம் வருஷக் குளிர்காலத்தில் ஏழாம் வகுப்பு சுற்றுலா வந்தது. வழக்கமாக மிருகக்காட்சிசாலை. பூங்கோதை தலைமை ஆசிரியை விஜயலக்ஷ்மியிடம் போய், அலிப்பூரில் பழைய ஜமீன்தார் மாளிகை ஒன்றில் இருக்கும் கலை மியூசியத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகிறேன் என்று கேட்டாள்.

"மியூசியமா? பசங்க நின்னுண்டே தூங்குமேடி."

"தூங்காது மேடம். அங்க நம்ம ஊர் வெண்கலச் சிலை இருக்கு. நம்பின்னா ஆண், நங்கைன்னா பெண்ணுன்னு பாடத்துல வருது. புஸ்தகத்துல பாத்தா அதுங்களுக்கு ஒட்ட மாட்டேங்குது. நேர்ல ஒரு ஆள் நிக்கறதப் பாத்துச் சொன்னா ஒட்டும்."

"கிராமர் சொல்லிக்கொடுக்க மியூசியத்துக்குப் போறவ உலகத்துலயே நீ ஒருத்திதான்" என்று சிரித்துக்கொண்டே அனுமதி கொடுத்தார் விஜயலக்ஷ்மி. நல்ல மனுஷி. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மெட்ரோவுக்காகப் பவானிபூர் சாலையைக் குடைந்து போட்டிருந்தார்கள். பலகைப் பாலங்களுக்கும் மண்குவியலுக்கும் நடுவே பஸ் ஊர்ந்தது. பிள்ளைகள் வங்காளப் பாட்டுப் பாடின. கமலா ஆரஞ்சுத் தோலை ஒருவர் கண்ணில் ஒருவர் பிழிந்து அலறின. மியூசியத்து மாடிப்படியில் ஏறும்போது காவலாளி ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு, "ஹாத் தேபே நா! கை வைக்கக் கூடாது!" என்று ஆளுக்கு ஒரு தடவை சொல்லி அனுப்பினார்.

மாடியில் ஒரு நீள அறை. ஜன்னல் வழியாகக் குளிர்கால வெயில் சாய்ந்து விழுந்துகொண்டிருந்தது. அந்த வெயிலில் சிவனும் அம்மனும் தனித்தனிப் பீடத்தில் நின்றார்கள். தஞ்சாவூர்ப் பக்கத்து வெண்கலம். பிள்ளைகளின் தோளுயரம்கூட இல்லை. ஆனால் அறைக்குள் நுழைந்ததும் அத்தனை சத்தமும் தானாக அடங்கியது. யாரும் அதட்டவில்லை.

"மிஸ், இவன் யாரு?" என்று அம்மனைக் காட்டிக் கேட்டாள் பட்டு.

"இவன் இல்லடி, இவள். அம்மன். பழைய தமிழ்ல சொன்னா நங்கை. அவர் நம்பி, இவங்க நங்கை. எங்க, சொல்லு."

பட்டு சொல்லவில்லை. அம்மனையே பார்த்தாள். பிறகு, எல்லாருக்கும் மனசில் இருந்து யாரும் கேட்காததை அவள் கேட்டாள். "மிஸ், அம்மன் ஏன் ப்ளவுஸ் போடல?"

பின்னால் இரண்டு பையன்கள் களுக்கென்று சிரித்தார்கள். பூங்கோதை திரும்பி முறைக்கவில்லை. கேள்வி நியாயமான கேள்வி; பதிலும் நியாயமாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தாள்.

"கோயில்ல நீங்க பாக்கறப்ப புடவை சாத்தி, நகை போட்டு, மாலை போட்டிருப்பாங்க. முகம் மட்டும்தான் தெரியும். உள்ள அவங்க இப்படித்தான் நிக்கறாங்க. இங்க புடவை சாத்த ஆளில்ல. அப்புறம், அந்தக் காலத்துல ராணிகூட ப்ளவுஸ் போடல. யாரும் தைக்கவே இல்ல."

"டெய்லர் இல்லையா மிஸ்?"

"இல்ல."

"பாவம்" என்றாள் பட்டு, உண்மையான வருத்தத்தோடு.

"இடுப்புல பாருங்க. துணி மடிப்பு தெரியுதா? எவ்வளவு மெல்லிசு! வெண்கலத்துல போய்த் துணி மடிச்சிருக்கான் பாருங்க. அந்தக் கையப் பாருங்க, பூ வச்சிருக்கற மாதிரி. பூவ யாரோ எடுத்துட்டுப் போயிட்டாங்க, கை மட்டும் அப்படியே காத்துட்டு இருக்கு."

சிரித்த பையன்களும் குனிந்து இடுப்பு மடிப்பைப் பார்த்தார்கள். ஒருவன் தன் கையை அந்த மாதிரி வைத்துப் பார்த்தான். அறை முழுக்கப் பிள்ளைகள் பூப் பிடிக்கிற கையோடு நின்றார்கள். காவலாளிகூட எட்டிப் பார்த்தார்.

"இப்ப எல்லாரும் சொல்லுங்க. நம்பி நிற்கிறான். நங்கை நிற்கிறாள்."

"நம்பி நிற்கிறான்! நங்கை நிற்கிறாள்!"

பட்டு மட்டும் அவர்களோடு சேராமல் அம்மன் எதிரே வெகுநேரம் நின்றாள். பிறகு பூங்கோதையின் முந்தானையை இழுத்தாள். "மிஸ், நங்கை நிற்கிறாள். ரொம்ப நாளா நிற்கிறாள். அவளுக்குக் கால் வலிக்காதா?"

நிற்கிறாள். அவளுக்கு. ஒரு பிழை இல்லை! இரண்டு வருஷமாக அப்பாவை நல்லவள் என்று சொன்ன பெண்! பூங்கோதைக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஜன்னல் பக்கம் திரும்பி வெயிலைப் பார்க்கிற மாதிரி நின்றுகொண்டாள். இந்த ஒரு நிமிஷத்துக்காகத்தானே புளி மூட்டைப் பக்கத்தில் உட்கார்ந்து அவ்வளவும் படித்தது!

திரும்பும்போது பஸ் முழுக்கப் பட்டுவின் குரல்தான். "நான் நங்கைய பாத்தேன்! நங்கை என்னப் பாத்தா!"

மறுநாள் காலை முதல் மணி அடிக்கும் முன்னே தலைமை ஆசிரியை கூப்பிட்டு அனுப்பினார். முகம் சரியில்லை.

"என்னடியம்மா பண்ணிட்டு வந்தே? செக்ரட்டரி ராத்திரி போன் பண்ணிக் கத்தறார். பசங்களுக்கு என்ன காமிச்சே?"

"சிலை மேடம். ஏன்?"

"பட்டு ஆத்துக்குப் போயிருக்கா. 'என்னடி பாத்தே'ன்னு அவர் கேட்டிருக்கார். 'நங்கா பாத்தேம்ப்பா, ப்ளவுஸ்கூட போடல, மிஸ்தான் நன்னாப் பாருன்னு காமிச்சா'ன்னு சொல்லியிருக்கா."

பூங்கோதைக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. "நங்கா இல்ல மேடம்! நங்கை! நங்கைய பாத்தேன்னு சொல்லியிருக்கு குழந்தை! இந்தியில நங்கான்னா அம்மணம், அத நினைச்சுக்கிட்டு... அய்யோ, சார் பாவம்!"

விஜயலக்ஷ்மிக்கும் உதட்டோரம் துடித்தது. ஆனால் அடக்கிக்கொண்டார். "நேக்குப் புரியறது. அவருக்கு நீயே சொல்லு. சாயங்காலம் வரார்."

சொன்னால் தீர்ந்துவிடும் என்று பூங்கோதை நம்பினாள். எவ்வளவு வெள்ளை மனசு! தப்பு என்று தெரிந்தால் படித்தவர்கள் ஒத்துக்கொள்வார்கள் என்று அன்று சாயங்காலம் வரை அவள் நம்பிக்கொண்டுதான் இருந்தாள்.

வைத்தீஸ்வரன் கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்தார். அவள் சொன்ன அத்தனையும் கேட்டார். கேட்டுவிட்டு, "நங்கைன்னு ஒரு வார்த்தையே நான் கேட்டதில்லை. அம்பது வயசாறது நேக்கு" என்றார்.

"பாடப் புஸ்தகத்துல இருக்கு சார்."

"புஸ்தகத்துல ஆயிரம் இருக்கும். பேச்சுல கிடையாது. இல்லாத வார்த்தையை எதுக்குக் குழந்தைகளுக்குச் சொல்லித் தரணும்?"

பூங்கோதைக்கு முதல் தடவையாகச் சுருக்கென்றது. அவருக்குத் தெரியாவிட்டால் அது இல்லாத வார்த்தையா?

"சார், உங்க தம்பி மெட்ராஸ்ல வீடு கட்டியிருக்காரே. கிரகப்பிரவேசம் போயிட்டு வந்து எங்க எல்லாருக்கும் லட்டு குடுத்தீங்க. எந்த ஏரியா சார் அது?"

"நங்கநல்லூர். அதுக்கென்ன இப்போ?"

"அங்க யாரும் துணி கட்டறதில்லையா சார்?"

விஜயலக்ஷ்மி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு இருமினார். வைத்தீஸ்வரனின் காது சிவந்தது. அந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்காமல் இருந்திருந்தால் எல்லாம் சுமுகமாக முடிந்திருக்கும் என்று பின்னால் பலர் சொன்னார்கள். ஏன் கேட்கக் கூடாது? கேட்டதில் என்ன தப்பு?

"இதோ பாருங்கோ மிஸ்" என்றார் அவர், குரலை மெதுவாக்கி. மெதுவாகப் பேசும்போதுதான் அவர் பயங்கரமாக இருப்பார். "கடைல நின்னு பேசற பேச்சு இங்க வேண்டாம். வார்த்தை எதுவா வேணா இருக்கட்டும். சிலை துணியில்லாமத்தானே இருந்தது? அதைக் கிட்ட நின்னு பாருன்னு குழந்தைகள்ட்ட சொன்னேளா இல்லையா?"

"அம்மன் சார் அது! நீங்க கோயில்ல விழுந்து கும்பிடற அதே அம்மன்!"

"கோயில் வேற, காட்சிசாலை வேற. உங்களுக்கு அந்த வித்தியாசம் தெரியாம இருக்கலாம். வளர்ந்த இடம் அப்படி. சனிக்கிழமை பேரண்ட்ஸ் மீட்டிங். எல்லார் முன்னாடியும் எழுந்து நின்னு சாரின்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்கோ. உங்க வேலையை நிரந்தரமாக்கற பேப்பர்ல அன்னிக்கே கையெழுத்துப் போடறேன். இல்லேன்னா இந்த மாசத்தோட சரி."

எழுந்து போய்விட்டார். வளர்ந்த இடம்! அந்த இடத்திலிருந்து போகிற காபிப் பொடியைத்தானே தினமும் காலையில் அவர் குடிக்கிறார்! அறையை விட்டு வெளியே வந்த பிறகுதான் இந்தப் பதில் பூங்கோதைக்குத் தோன்றியது. இரண்டு தெரு தள்ளிப் பஸ்ஸுக்கு நிற்கும்போது அதை வாய்விட்டே சொல்லிப் பார்த்தாள்.

கதை அவளுக்கு முன்னால் காளிகாட்டுக்கு வந்து சேர்ந்திருந்தது. அதுவும் வழியில் நன்றாகக் கொழுத்துப் போய். டாக்குரியாவில் நங்கா சிலையாக இருந்தது. பவானிபூர் வருவதற்குள் நங்கா சினிமா ஆகிவிட்டது. கடையில் அப்பளம் வாங்க வந்த மாமி ஒருத்தி, "ஏண்டா வீரபாண்டி, உன் பொண்ணு பசங்களை ஏதோ கண்றாவிப் படத்துக்குக் கூட்டிண்டு போனாளாமே?" என்று பத்துப் பேர் நடுவில் கேட்டுவிட்டுப் போயிருந்தாள். எதிர் டீக்கடைக்காரன் இவளைக் கண்டதும் பல்லைக் காட்டி, "கீ தீதிமோனி! என்ன டீச்சரம்மா, அடுத்த தடவை போறப்ப எங்களையும் கூட்டிப் போங்க!" என்று வங்காளத்தில் கத்தினான். பூங்கோதை அவனிடம் போய், அதே வங்காளத்தில், "உன் வீட்டில் துர்கை பூஜைக்குச் சிலை பண்ணுகிறவன் முதலில் களிமண்ணில் அம்மனைத் துணியோடுதான் பிசைகிறானா என்று போய்க் கேட்டுவிட்டு வா, அப்புறம் கூட்டிப் போகிறேன்" என்றாள். அவன் கெட்டிலை இறக்கிவைத்துவிட்டு உள்ளே போய்விட்டான்.

வீரபாண்டியன் கல்லாவில் குனிந்தபடி இருந்தார்.

"சொல்லிட்டுப் போயிரு தாயி" என்றார். எல்லாம் தெரிந்திருந்தது. "ஒரு வார்த்தைதான? வாய் என்ன தேஞ்சா போயிரும்? நம்ம கடைக்கு வாரவுக பாதிப் பேரு அந்தப் பள்ளிக்கூடத்து ஆளுக."

"நான் என்னப்பா தப்புப் பண்ணேன்?"

"தப்புப் பண்ணேன்னு யாரு சொன்னா? பெரிய மனுசன் கேக்கான், குடுத்துட்டுப் போவோம்."

"உங்க புளியில கல்லு இருக்குன்னு ஒருத்தன் வந்து பொய் சொல்றான். ஆமா அய்யா இருக்கு, மன்னிச்சுக்கோங்கன்னு சொல்லுவீங்களா?"

"அதெப்படி!" வீரபாண்டியன் நிமிர்ந்தார். "நானே கையால பொறுக்கிப் பாத்து வாங்கற புளி. எவன் அப்படிச் சொன்னான்?"

"யாரும் சொல்லல. சொன்னா?"

"செருப்பால... " என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். தராசுத் தட்டைத் துடைத்தார். "அது வேற தாயி" என்றார் கடைசியில்.

"என்ன வேற?"

வீரபாண்டியன் மறுபடி கல்லாவில் குனிந்துகொண்டார். அவள் மாடிக்கு ஏறிப் போனாள்.

சனிக்கிழமை பள்ளி மண்டபம் நிறைந்திருந்தது. வராந்தாவில் பெரிய டிகாக்‌ஷன் பாத்திரமும் போண்டாக் கூடையும் தயாராக இருந்தன. வீரபாண்டியனும் வந்திருந்தார். கடையை அடைத்துவிட்டு, கடைசி வரிசைக்கும் பின்னால், சுவரோரமாக நின்றார். பரீட்சை, ஆண்டுவிழா எல்லாம் பேசி முடிந்ததும் வைத்தீஸ்வரன் எழுந்தார். "அன்னிக்கு நடந்த சின்ன அசம்பாவிதத்தைப் பத்தி மிஸ் பூங்கோதை ரெண்டு வார்த்தை பேசுவா" என்றார்.

பூங்கோதை எழுந்தாள்.

"என்னை மன்னிப்புக் கேக்கச் சொல்லியிருக்காங்க. எதுக்குன்னு எனக்கு இன்னும் புரியல. புரிஞ்சா கேக்கறேன். நான் குழந்தைகளுக்கு ஒரு வார்த்தை சொல்லிக் குடுத்தேன். நங்கை. பெண்ணுன்னு அர்த்தம். மரியாதையான வார்த்தை. அது சிலர் காதுல வேற மாதிரி விழுந்திருக்கு. இங்க நங்கைன்னா என்னன்னு தெரிஞ்சவங்க ஒருத்தராவது இருக்கீங்களா?"

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நாற்காலிகள் கிறீச்சிட்டன. அப்போது நடுவரிசையிலிருந்து ஒரு பெண்மணி எழுந்தாள். கிருஷ்ணம்மாள், கோயம்புத்தூர்க்காரி. அவள் கணவருக்கு ஏதோ நூல் கம்பெனியில் வேலை.

"ஏனுங், நங்கைன்னா தெரியாதுங்களா?" என்றாள், நிஜமாகவே ஆச்சரியப்பட்டு. "எங்கூர்ப் பக்கம் அண்ணன் சம்சாரத்த அப்படித்தானுங்க கூப்பிடுவோம். இதா, ஊர்ல இருந்து காளி கோயில் பாக்க வந்திருக்காங்க எங்க நங்கை. ஏனுங் நங்கை, கொஞ்சம் எந்திரிங்க!"

பக்கத்திலிருந்து ஒரு பருமனான அம்மாள் எழுந்தாள். கல்கத்தாக் குளிருக்குப் பயந்து ஸ்வெட்டர், அதன்மேல் சால்வை, தலையில் மப்ளர். எல்லாருக்கும் ஒரு கும்பிடு போட்டாள்.

"துணியெல்லாம் ஒழுங்காத்தானுங்க கட்டியிருக்காங்க!" என்றாள் கிருஷ்ணம்மாள்.

மண்டபமே அதிர்ந்தது. என்ன சிரிப்பு! ஆபீசர்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்கள். மாமிகள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்தார்கள். விஜயலக்ஷ்மி வாயைப் பொத்தாமலே சிரித்தார். சுவரோரம் வீரபாண்டியன் சிரித்தார். பூங்கோதையும் சிரித்தாள், நான்கு நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் அப்படியே இறங்கியது. முடிந்தது! எல்லாருக்கும் புரிந்துவிட்டது!

வைத்தீஸ்வரன் கையை உயர்த்தினார். அவரும் புன்னகை செய்தார்.

"சரி. வார்த்தை தப்பில்லை. ரொம்ப சந்தோஷம். ஆனா இத்தனை பேருக்கு மனசு கஷ்டப்பட்டுடுத்தோன்னோ? ஆத்துக்கு ஆத்து பேச்சாயிடுத்தோன்னோ? அதுக்காக ஒரு சாரி சொல்லிட்டா விஷயம் முடிஞ்சுது. என்ன மிஸ்?"

பூங்கோதை மண்டபத்தைப் பார்த்தாள். இப்போதுதான் கண்ணில் நீர் வரச் சிரித்த முகங்கள். யாராவது ஒருவர், ஒரே ஒருவர், 'அதான் தப்பில்லைன்னு ஆயிடுச்சே, அப்புறம் எதுக்கு மன்னிப்பு?' என்று கேட்பார் என்று பார்த்தாள். முகங்கள் ஒவ்வொன்றாகக் குனிந்தன. கிருஷ்ணம்மாளைப் பக்கத்திலிருந்த கணவர் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார். முன்வரிசையிலிருந்து ஒரு குரல் மட்டும், ரொம்பத் தன்மையாக வந்தது.

"சொல்லிடுங்கோ மிஸ். காபி ஆறறது."

காபி ஆறுகிறது! ஒரு பெண்ணின் பேரை டாக்குரியாவிலிருந்து காளிகாட் வரைக்கும் தெருத்தெருவாக இழுத்தாகிவிட்டது. அது பொய் என்று இத்தனை பேர் நடுவில் தெரிந்தும்விட்டது. இப்போது இவர்கள் கவலையெல்லாம் காபி! தெரியாமல் செய்த தப்பு போய், தெரிந்தே செய்கிற தப்பு இது. பூங்கோதைக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"மனசு கஷ்டப்பட்டது எனக்கும்தான் சார். அதுக்கு யார் சாரி சொல்லுவாங்க?"

"மிஸ்..."

"நான் இங்க சாரி சொன்னா, திங்கக்கிழமை பட்டுகிட்ட என்னன்னு சொல்றது? அந்தக் குழந்தை முதல் தடவையாத் தப்பில்லாம ஒரு வாக்கியம் பேசுச்சு. அது அசிங்கமான வாக்கியம், நீ பாத்தது அசிங்கமான சாமின்னு சொல்லணுமா? சொல்ல மாட்டேன். எங்க அப்பா புளியில கல்லு இல்ல. நான் சொன்னதுலயும் கல்லு இல்ல."

புளி விஷயம் யாருக்கும் புரியவில்லை. சுவரோரம் ஒருவருக்கு மட்டும் புரிந்தது. பூங்கோதை நாற்காலியிலிருந்து பையை எடுத்துக்கொண்டு நடந்தாள். முதுகுக்குப் பின்னால் யாரோ, "என்ன திமிர்!" என்றார்கள்.

வராந்தாவில் யாரோ வேகமாகப் பின்னால் வரும் மெட்டிச் சத்தம் கேட்டது. பட்டுவின் அம்மா ஜலஜா. செயலாளரின் மனைவி.

"பூங்கோதை, ஒரு நிமிஷம்" என்றாள் மூச்சு வாங்க. மண்டபத்துக் கதவை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "நேக்கு அன்னிக்கு ராத்திரியே தெரியும். நங்கைன்னுதான் சொன்னா குழந்தை. என் காதுல நன்னா விழுந்தது. அவர்ட்ட சொன்னேன். உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இருன்னுட்டார். பட்டு ரெண்டு நாளா அழறா. 'என்னாலதானே மிஸ்ஸை எல்லாரும் திட்டறா'ன்னு. நீ மனசுல வச்சுக்காதே. உன் மேல எந்தத் தப்பும் இல்லை."

ஆறுதல் சொல்லத்தான் வந்தாள் பாவம். ஆனால் பூங்கோதைக்கு அந்தச் சனிக்கிழமை முழுவதும் வந்த கோபத்தில் இதுதான் பெரிய கோபம்.

"தெரியும்னா உள்ள சொல்லியிருக்கலாமே மாமி! நான் கேட்டேனே, தெரிஞ்சவங்க யாராவது இருக்கீங்களான்னு! எதிர்லதான உக்காந்திருந்தீங்க!"

"அவர் இருக்காரேம்மா அங்கே."

"அவர் இங்க இல்ல. அதனால இங்க வந்து சொல்றீங்க. எனக்குத் தெரிஞ்சத எனக்கே வந்து சொல்றீங்க! அங்க போய்ச் சொல்லுங்க மாமி. கதவு திறந்துதான் இருக்கு. இப்பவும் லேட் ஆகல."

ஜலஜா கதவைப் பார்த்தாள். உள்ளே டம்ளர் சத்தம் ஆரம்பித்துவிட்டது. அவள் கை, தாலிச் சரட்டைப் பிடித்துத் திருகிக்கொண்டே இருந்தது. ஒரு அடி வைத்தாள்கூட. பிறகு நின்றுவிட்டாள்.

பூங்கோதை காத்திருந்தாள். நியாயமாகக் காத்திருக்க வேண்டிய நேரத்துக்கும் மேலேயே காத்திருந்தாள். அப்புறம் படியிறங்கினாள்.

மாசக் கடைசியோடு வேலை போனது. காளிகாட் கடையில் தமிழ்க் குடும்பங்களின் வரவு கொஞ்ச நாள் குறைந்தது. பிறகு ரசத்துக்குப் புளி வேண்டுமே, திரும்பி வந்தார்கள். கண்றாவிப் படம் என்று பத்துப் பேர் நடுவில் கேட்ட மாமிக்கு மட்டும் வீரபாண்டியன் அப்பளம் தீர்ந்துவிட்டது என்றே சொல்லிக்கொண்டிருந்தார், கட்டுக் கட்டாகப் பின்னால் தெரிகிறபடி வைத்துக்கொண்டு.

கோடை விடுமுறை முடிவதற்குள் விஜயலக்ஷ்மி ஒருநாள் கடைக்கு வந்தார். காபிப் பொடி வாங்குகிற சாக்கு. பூங்கோதைதான் மிஷினில் அரைத்துக்கொண்டிருந்தாள்.

"கல்கத்தா பூரா தேடியாச்சு. தமிழ் டீச்சர் ஒருத்தி அகப்படலை" என்றார். "செக்ரட்டரியே சொல்லிட்டார், அவளையே வரச் சொல்லுன்னு. சாரி கீரி ஒண்ணும் வேண்டாமாம். பேசாம வந்து சேந்துடு. பர்மனெண்ட் பேப்பரும் ரெடி."

மிஷின் சத்தத்தில் பூங்கோதைக்கு முழுவதும் கேட்கவில்லை. நிறுத்திவிட்டு இன்னொரு தடவை கேட்டாள். விஜயலக்ஷ்மி இன்னொரு தடவை சொன்னார்.

"அவர் வந்து சொல்லட்டும் மேடம்."

"என்னன்னு?"

"நங்கைன்னு. வேற ஒண்ணும் வேண்டாம். இந்தக் கடையில நின்னு, நாலு பேர் காதுல விழற மாதிரி, நங்கை நிற்கிறாள்னு ஒரு தடவை சொல்லட்டும். நாளைக்கே வரேன்."

"உனக்கு ஏண்டி இவ்வளவு பிடிவாதம்? அந்த மனுஷர் வருவாரா?"

"வர மாட்டார்" என்றாள் பூங்கோதை. பொட்டலத்தை மடித்து, நூலைச் சுற்றி, பல்லால் கடித்து அறுத்தாள். "அவருக்கும் சேத்துத்தான் பொடி வாங்கறீங்கன்னா சொல்லுங்க மேடம், சிக்கரி கலக்காம தரேன். கலப்பில்லாதது எப்படி இருக்கும்னு அவரும் பாக்கட்டும்."

விஜயலக்ஷ்மி சிரிக்கவில்லை. பொட்டலத்தை வாங்கிக்கொண்டு சந்துக் கூட்டத்தில் இறங்கி நடந்தார். பூங்கோதை மிஷினை மறுபடி ஓட விட்டாள்.